அளவுக்கு நின்றவள்

கொட்டாரத்தில் ஞானபாய் என்ற பெயரைச் சொன்னால் அறியாதார் சிலர் இருக்கலாம். நர்சம்மா என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மிஷன் மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் அவள். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டுவாள். நாடி பார்த்த காலத்துப் பழக்கம் அது. யாரேனும் வந்து நாற்காலியில் அமர்ந்தால் அவர்களுடைய கணுக்காலில் வீக்கம் உண்டா என்று முதலில் பார்ப்பாள். காப்பி வேண்டுமா என்று கேட்பது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளைச் சேலை. அதுவும் முந்திய நாளே கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். தூரப் பார்வை குறைந்தவளாதலால் இளவயது முதலே கண்ணாடி அணிந்து வருகிறாள். காலையில் கண் விழித்ததும், ஜெபத்திற்குக் கை கூப்பும் முன்னரே, அந்தக் கை தலையணையின் ஓரத்தில் கண்ணாடியைத் தேடும்.

கோபம் அவளுடைய பழக்கங்களுள் ஒன்று அன்று. வார்டில் கூச்சலிடுவோரிடம், "கத்தினா ஊசி வலிக்காதா?" என்று ஒரே குரலில் கேட்டுப் பழகியவள். ஆகையால் சென்ற சித்திரை முதல் தன் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு நிற்பது கோபந்தான் என்று அறிந்துகொள்ளவே அவளுக்குப் பல நாட்கள் பிடித்தன. முதலில் அதை வாய்வு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்தாள்.

அவளுடைய கணவர் ரசலையன் பொதுப்பணித் துறையில் கால்வாய்களை மேற்பார்த்து வந்த பொறியாளர். கால்வாயின் கரை உடைந்தால், உடைப்பின் அருகில் ஓர் அளவுகோலை ஊன்றிப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது அத்துறையின் வழக்கம். சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய அந்தக் கோல் இல்லாவிட்டால், உடைப்பு ஓர் அடியா ஓராள் உயரமா என்று சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபின் ரசலையன் காமிராவைக் கையில் எடுத்தார். மலைகளையும் அணைகளையும் ஏரிகளையும் தேடிப் பயணம் புறப்பட்டார். பழைய வழக்கமும் கூடவே புறப்பட்டது. ஆளில்லாத மலை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவன் எப்படி அறிவான் என்பது அவருடைய கேள்வி. அளவுகோல் ஊன்றிய இடத்தில் ஞானபாய் நிறுத்தப்பட்டாள்.

அதற்கென்றே அவர் ஒரு சேலை வாங்கி வந்தார். இரத்தச் சிவப்பு; கரை இல்லை; பூ இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் கரையும் பூவும் தெரியா. சிவப்பு மட்டும் தெரியும். பச்சை வயலானாலும் நீல நீரானாலும் அது எடுத்துக் காட்டும் என்றார். கைப்பை உருவத்தைக் கெடுக்கிறது என்று அதை வாங்கி வைத்துக்கொள்வார். கைபேசி கையில் இருந்தால் விரல்கள் இயல்பாகத் தொங்கா என்று அதையும் வாங்கிக்கொள்வார். கண்ணாடியின் கம்பி காதோரத்தில் வெயிலில் மின்னுகிறது என்று இறுதியில் கண்ணாடியையும் கேட்பார். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் அடியிலும், பேச்சிப்பாறையின் நீர்விளிம்பிலும், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் நடுவிலும், மூணாற்றுத் தேயிலைச் சரிவிலும் அவள் சிவப்புச் சேலையுடன், முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரில் இருப்பது இன்னதென்று தெளியாமல் நின்றாள். கூடத்துச் சுவரில் தொங்கிய படங்கள் எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். எதிலும் அவளுடைய முகம் இல்லை.

லென்ஸ்களைப் பற்றி அவள் படித்ததில்லை. ஆனால் எந்த லென்ஸ் எது என்பதை அவளுடைய காலும் காதும் அறியும். பையிலிருந்து பதினாறு மில்லிமீட்டர் லென்ஸ் வெளியே வந்தால் அருகில் நின்றால் போதும். அவர் முணுமுணுப்பது கூடக் கேட்கும். ஐம்பது என்றால் அவர் உரக்கப் பேசுவது கேட்கும். இருநூறு என்றால் குரல் வாராது. தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்து அவர் வீசுவது மங்கலாகத் தெரியும். நானூறு என்றால் அவர் இருக்கிறார் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். புதிது புதிதாக லென்ஸ் வாங்க வாங்க, அவர் அவளை மேலும் மேலும் தள்ளி நிறுத்தினார். அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இரவுப் பணியில் நின்று பழகிய கால்கள். இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை மாலையில் இருவரும் மணக்குடிக்குப் போனார்கள். பழையாறு கடலோடு சேரும் பொழிமுகத்தை அப்போது மணல்திட்டு அடைத்துக் கிடந்தது. திட்டின் ஒரு புறம் காயல். மறு புறம் கடல். மஸ்கட்டில் பணிபுரியும் மகன் ஸ்டெனி கிறிஸ்துமஸ் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த நானூறு லென்ஸை ரசலையன் காயலைக் கடக்கும் பாலத்தின் மேல் முக்காலியில் பொருத்தினார். நெடு நாளாகவே மணக்குடியில் அவருக்கு ஒரு கண் இருந்தது. ஞானபாய்க்கு அந்த ஊரின்மேல் வேறு எண்ணம். சுனாமி வந்த நாளில் அங்கிருந்து ஏற்றிவரப்பட்டவர்களை வார்டு வாசலில் நின்று வாங்கியவர்களுள் அவளும் ஒருத்தி. அதை ரசலையன் நன்கு அறிவார். அன்று அவளை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, கஞ்சி ஊட்டியவர் அவரே.

"இஞ்சயிருந்து நானூறுல பாத்தா அல எல்லாம் மல கணக்கா அடுக்கி நிக்கும், கேட்டியா," என்றார் அவர். "நீ அந்தத் திட்டுல போய், கடலப் பாத்து நில்லு. முதுகு இஞ்சோட்டு இருக்கட்டு. துவர்த்த வலத்தோட்டு வீசினா வலத்தோட்டு நீங்கு. இடத்தோட்டு வீசினா இடத்தோட்டு. தாழ்த்திப் பிடிச்சா வந்துரு."

"எனக்கு ஏதாவது வேணும்னா நான் என்ன காட்டணும்?"

"உனக்கு என்னட்டி வேணும்? சும்மா நிக்கதுக்கு என்ன வேணும்?"

"ஆளே இல்லாத இடமால்லா கிடக்கு."

"ஆளு இல்லாததுதான் நல்லது. கண்ணாடியத் தா."

அவள் கழற்றிக் கொடுத்தாள். மணல்திட்டு வரை நடந்து போய், அவர் சொன்னபடி கடலை நோக்கி நின்றாள். கடல் என்பது அவளுக்கு ஒரு பெரிய வெளிச்சமாகவும், அந்த வெளிச்சத்துக்குள் ஓர் இரைச்சலாகவும் இருந்தது. காற்று இல்லை. அடிக்கடி திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். பாலம் ஒரு கோடாகத் தெரிந்தது. வலத்தோட்டா, இடத்தோட்டா என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆகையால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

காற்றில்லாத நாளிலும் எங்கோ ஆழ்கடலில் எழுந்த அலை கரைக்கு வந்து ஏறுவதுண்டு. சொல்லாமல் வருவதனால் கடற்கரைக்காரர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். முதல் நீர் அவளுடைய கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. அடுத்தது பக்கவாட்டில் தாழ்ந்திருந்த மணலை அறுத்துக்கொண்டு காயலுக்குள் இறங்கியது. வந்த வழி இருந்த இடத்தில் தண்ணீர் ஓடும் ஓசை கேட்டு அவள் திரும்பினாள். பாதத்தின் அடியில் மணல் கரைந்து போயிற்று. எங்கிருந்தோ ஓர் ஆண்குரல், "அம்மோ, ஓடு, ஓடு," என்றது. எந்தத் திசையில் ஓடுவது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பாலம் இருக்கும் திசை ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அந்தத் திசையை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தி, வாயைத் திறந்து, "இஞ்சேருங்க, இஞ்சேருங்க," என்று கூவினாள். கைகளை இறக்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்ப்பதற்குத்தானே அங்கே நிற்கிறார் என்ற ஒரே உறுதி அவளுக்கு இருந்தது.

அதற்குள் பெரிய அலை முதுகில் அறைந்தது.

இஞ்ஞாசி என்ற மீனவர், காயல் பக்கம் தம் வள்ளத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சளவு நீரில் பாய்ந்து வந்து அவளுடைய சேலையைப் பற்றி இழுத்தார். வள்ளத்தின் விளிம்பில் மோதி அவளுக்கு முழங்கால் கிழிந்தது. செருப்பு இரண்டும் போயின. கரையேறியபின் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"கள்ளக்கடலு கேறுகது உங்களுக்குத் தெரியல்லியா? கண்ணு காணாதா அம்மா?"

"கண்ணாடி பாலத்துல இருக்கு."

தண்ணீர் குடித்த மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று எண்ணியவர்போல் அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். "அங்க ஒருத்தரு நிக்காரே, அது ஆரு?"

"எனக்க வீட்டுக்காரரு."

"அவரு அங்க என்ன செய்யிகாரு?"

"படம் எடுக்காரு."

இஞ்ஞாசி வாயிலிருந்த உப்புநீரைத் துப்பினார். "நல்ல ஆளப் பாத்துதான் கெட்டியிருக்கியோ," என்று சொல்லிவிட்டு, மிதந்து போய்க்கொண்டிருந்த துடுப்பைப் பிடிக்க ஓடினார்.

ரசலையன் வந்து சேர்ந்தபோது அவர் முகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. "ஞானம், கிட்டிப்போச்சு. கையத் தூக்கினியே, அது ஆரு சொல்லிக் குடுத்தாலும் வராது," என்றார். பிறகே அவர் கண் அவளுடைய முழங்காலில் வழிந்த இரத்தத்திற்கு வந்தது. "ஐயோ, இது என்ன? விழுந்தியா?"

"நான் உங்கள விளிச்சேன்."

"விளிச்சியா? எனக்கு ஒண்ணும் கேக்கல்ல."

"கேக்காண்டாம். பாத்துட்டுத்தானே நின்னியோ. அல எனக்க மேல விழுந்துது."

"நானூறுல அது அப்பிடித்தான் இருக்கும் பிள்ள. தூரத்துல கிடக்கது எல்லாம் பக்கத்துல வந்து நிக்கும். எல்லா படத்துலயும் அப்பிடித்தானே? அந்த அல உனக்குப் பொறத்த எங்கயோ கிடக்குன்னுதான் நான் நெனச்சேன்."

அவர் சொன்னது பொய்யன்று. படிக்காத ஒருவன் அந்த லென்ஸ் வழியாகப் பார்த்திருந்தால் அலை அருகில் வந்துவிட்டது என்று அலறியிருப்பான். படித்தவராதலால் அவர் அதை லென்ஸின் வேலை என்று எண்ணி காமிராப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றுவிட்டார். ஞானபாய்க்கும் அது விளங்கியது. தவறு என்பது மருத்துவமனையில் அன்றாடம் நடப்பது. மருந்தை மாற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. பிறகு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு தவறிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் எதிர்பார்த்தாள். நீ கூப்பிட்டாய், நான் பார்த்தும் வரவில்லை என்று அவர் தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முழங்காலிலுள்ள தழும்பு வெறும் தழும்பாகிவிடும்.

அவர் அடுத்த நாளே புதுச் செருப்பு வாங்கி வந்தார். தையல் பிரிக்கும் நாளை மறவாமல் அழைத்துச் சென்றார். நல்லவேளை, நல்லவேளை என்று பலமுறை சொன்னார். எதிர்பார்த்த சொல் வரவில்லை. சித்திரை போய், வைகாசி, ஆனி, ஆடியும் போய், ஆவணி வந்தது. உப்பு ஏறி விறைத்த சிவப்புச் சேலை கொல்லைப்புறக் கொடியிலேயே தொங்கி ஒரு பக்கம் வெளுத்தது. அதை எடுக்க அவள் கை செல்லவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அவருடைய ஒளிப்படக் கழகத்தார் கண்காட்சி வைத்தார்கள். பயணத்தின்போது நிலக்காட்சிக்கு எந்த லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்று புதியவர்களுக்கு ரசலையன் ஒரு மணி நேரம் விளக்குவதாகவும் ஏற்பாடு. "நீயும் வா. உனக்கு அங்க ஒரு விசேஷம் வச்சிருக்கேன்," என்று அவளை அழைத்தார்.

வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் அது தொங்கியது. ஓராள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. மலைத்தொடர்போல எழுந்து நிற்கும் வெள்ளலை. அதன் முன் சிவப்புச் சேலையில், இரு கைகளையும் வானுக்கு உயர்த்திய ஒரு பெண். அடியில் ஓர் அட்டை: 'ஆனந்தம். மணக்குடி. 400 மி.மீ. ஒளிப்படம்: பொறியாளர் ரசலையன்.'

வருவோரை வரவேற்கும் பொறுப்பில் இருந்த ஜினிஷா என்ற கல்லூரிப் பெண் அருகில் வந்தாள். "ஆன்ட்டி, இது நீங்கதானா? எவ்வளவு ஜாலியா நிக்கியோ. எங்க அம்மைய நானும் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

ஞானபாய் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு படத்தின் அருகில் சென்றாள். அவர் எடுத்த படங்களுள் அவளுடைய முகம் தெரிவது அது ஒன்றுதான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கீழுதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கண்கள் இரண்டும் எதையும் காணாமல் விரிந்திருந்தன. சிரிப்பவருக்குக் கண் சுருங்கும், அஞ்சுபவருக்குத்தான் விரியும். எத்தனை கட்டில்களின் ஓரத்தில் நின்று அவள் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த முகம் உள்ள யாரும் ஆனந்தமாக இருந்ததில்லை. ஓமத் தண்ணீருக்கு அடங்காதது எது என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெளிவாயிற்று. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் போய் அமர்ந்தாள்.

ரசலையன் நன்றாகவே பேசினார். பயணத்திற்கு எல்லா லென்ஸையும் சுமந்து போக வேண்டியதில்லை. பதினாறில் தொடங்குவது ஒன்று, நீளமானது ஒன்று, இரண்டு போதும் என்றார். அகன்ற லென்ஸ் காலடியில் கிடக்கும் கல்லைப் பெரிதாக்கி மலையைக் குன்றாக்கிவிடும். ஆகவே முன்னால் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தால் மட்டுமே அதை எடுக்க வேண்டும் என்றார். தள்ளி நின்று நீண்ட லென்ஸில் பார்த்தால் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றோடொன்று நெருங்கித் தெரியும் என்றார். "எந்த லென்ஸ்னு பொறவு யோசிக்கலாம். எங்க நிக்கணும்னு முதல்ல யோசிக்கணும்," என்று அவர் சொன்னதை இளைஞர்கள் கைபேசியில் குறித்துக்கொண்டார்கள். பிறகு எதிர்ச்சுவரைக் காட்டினார். "அதப் பாருங்க. அந்தப் பொம்பளைக்க தலைக்க மேல அல விழப்போற மாதிரி இல்லியா? இல்ல. லென்ஸுக்க வித்தையாக்கும் அது."

ஜினிஷா எழுந்தாள். "அப்பம் அந்த அல உண்மையில எவ்வளவு தூரத்துல இருந்தது அங்கிள்?"

"நூறு மீட்டராவது உண்டும், மக்கா."

"இல்ல," என்றாள் ஞானபாய்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றாள். வார்டில் பேசும் அதே குரலில், ஜினிஷாவைப் பார்த்துப் பேசினாள்.

"தூரமே இல்ல மோளே. அந்த அல எனக்க முதுகுல அடிச்சு. நான் ஆனந்தத்துல கையத் தூக்கல்ல. காப்பாத்தச் சொல்லித் தூக்கினேன். அவரு படம் எடுத்திட்டு நின்னாரு. மணக்குடிக்காரர் ஒருத்தர் வந்து என்னையக் கரைக்கு வலிச்சுக் கேத்தினாரு."

யாரோ சிரித்தார்கள். கழகத்தின் செயலாளர் சிவபிரசாத் நிலைமையைச் சமாளிக்க எண்ணி, "சாருக்க வீட்டம்மா நல்லா தமாஷ் பேசுவாங்க. வீட்டுச் சண்டைய இஞ்ச கொண்டு வந்திட்டாங்க," என்றார்.

"தமாஷ் இல்ல தம்பி. தையல் போட்ட காலு இருக்கு. காட்டட்டா?"

சிரிப்பு நின்றது. ரசலையனின் காது மடல்கள் சிவந்தன. "ஞானம், இரு. பொறவு பேசிக்கிடலாம்," என்றார்.

"சித்திரையில இருந்து பொறவுதான்," என்றாள் அவள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், படத்தின் அடியில் குத்தியிருந்த அட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தடுப்பதற்கு எழுந்த சிவபிரசாத், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் அமர்ந்தார். படம் பெயரில்லாமல் தொங்கியது. ஜினிஷா மட்டும் அதன் அருகில் போய், அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் சுசீந்திரத்தைத் தாண்டியது. பிறகு அவர் தொடங்கினார்.

"அத்தன பேருக்கு முன்னால என்னைய நாணங்கெடுத்திட்டியே."

"நீங்க என்னையச் சுவருல தொங்க விட்டிருந்தியோ. அத விடவா?"

"அது எனக்க நல்ல படமாக்கும். அதுக்கு ஒரு பேரு வேணும். வச்சேன். வேணும்னேயா வச்சேன்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் கணினியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அண்ணைக்கு எடுத்தத எல்லாம் எடுங்க. நான் பாக்கணும்."

"எதுக்கு இப்பம்?"

"எடுங்க."

நோயாளி மறுக்க இயலாத குரல் அது. அவர் எடுத்தார். விரலை அழுத்திய அழுத்தில் தொடர்ச்சியாகப் பதிவான படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன. முதுகு. மீண்டும் முதுகு. திரும்பிய முகம். உயர்ந்த கைகள்; கண்காட்சியில் தொங்கியது அது. அதற்கடுத்த படத்தில் கைகள் இல்லை, வெறும் நுரை. அதற்கடுத்ததில் நுரைக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துணி. அதைப் பற்றிய இஞ்ஞாசியின் கறுத்த கை. அதற்கடுத்ததில் அவளுடைய தலை, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல அவர் இழுக்க, நீருக்கு வெளியே வருகிறது. அதன்பின் படம் இல்லை. அந்த இடத்தில்தான் ரசலையன் விரலை எடுத்திருக்கிறார்.

"இதுல ஒண்ண நீங்க தெரிஞ்சு எடுத்திருக்கியோ. மத்தத ஒண்ணொண்ணா பாக்காம அதத் தெரிஞ்சிருக்க முடியாது."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம் பாத்தியோ?"

"அண்ணைக்கு ராத்திரியேதான்," என்றார் கடைசியாக. "நீ குளிக்கப் போனப்பம்."

லென்ஸ் ஏமாற்றியது என்று அவள் இதுவரை அவருக்காக ஒரு சமாதானத்தை வைத்துக் காத்திருந்தாள். பாலத்தின்மேல் நின்றவரை லென்ஸ் ஏமாற்றியிருக்கலாம். இந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தவரை எதுவும் ஏமாற்றவில்லை. அறிந்தபின்பே செருப்பு வாங்கி வந்திருக்கிறார். அறிந்தபின்பே அதற்கு ஆனந்தம் என்று பெயரிட்டிருக்கிறார். இன்றைக்கும், அறிந்துகொண்டே, நூறு மீட்டர் என்றார்.

"தெரிஞ்சிட்டுத்தானா அந்தப் பேரு வச்சியோ?"

"தெரிஞ்சதினாலதான்," என்றார் அவர். குரல் உடைந்தது. "அதுக்கு வேற பேரு எனக்கு வைக்க முடியல்ல ஞானம். எல்லாரும் ஆனந்தம்னு சொன்னா நானும் அப்பிடித்தான்னு நம்பிக்கிடலாம்னு. நீ விளிச்ச. நான் பாத்துட்டு நின்னேன். போருமா?"

அவள் ஆவணி வரை காத்திருந்த சொல் அதுதான். வந்துவிட்டது. வந்தபின் கோபம் இறங்கும் என்று எண்ணியிருந்தாள். இறங்கவில்லை. காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்படாதபோது நர்சு என்ன செய்வாளோ அதையே செய்தாள். பதறாமல், அடுத்து என்ன என்று பார்த்தாள். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து விசைப்பலகையின் மேல் வைத்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். கொல்லைக் கதவைத் திறந்து, வெளுத்துப்போன சிவப்புச் சேலையைக் கொடியிலிருந்து இறக்கி, நான்காக மடித்து, வாசற்படியில் கால்மிதியாகப் போட்டாள்.

அவர் பின்னாலேயே வந்து நின்றார். அடுத்த சனிக்கிழமை கழகத்தாருடன் வாகமண் போவதாக முன்னரே முடிவாகியிருந்தது. அவள் வருவாளோ மாட்டாளோ என்ற அச்சம் அவருடைய முகத்தில் தெரிந்தது.

"வாகமண்ணுக்கு நானூற எடுக்கல்ல," என்றார். "இருநூறும் வேண்டாம். முப்பத்தஞ்சு மட்டும் போரும். நீ எனக்குப் பக்கத்துலயே நின்னுக்கோ. பேசினா கேக்கும். கைநீட்டினா தொடலாம்."

அவர் தம்மாலியன்ற அளவு இறங்கி வந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆயினும் முப்பத்தைந்திலும் அவள் நிற்கத்தான் வேண்டும். அவர் பார்க்கத்தான் வேண்டும். மூணாற்றில் எதிரில் இருந்தது மலையா மேகமா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பேச்சிப்பாறையில் எதிர்க்கரை இருந்ததா என்றும் தெரியாது.

"வாகமண்ணுக்கு நான் வருவேன்," என்றாள். "உங்களுக்கு அளவு காட்ட ஆபீசுல வச்சிருந்த கோலு மாதிரி ஒண்ணச் செய்து கொண்டு வாங்க. எனக்கு மலையப் பாக்கணும்."

"செரி."

"இனி எங்க போனாலும் நான் கண்ணாடியக் கழத்தமாட்டேன். படத்துல நிக்கவும் மாட்டேன்."